வேகப்பந்து வீச்சாளரின் பந்துக் கணக்கு: காயத்தைத் தள்ளிப்போடுவதும் வந்தபின் திரும்புவதும்

சைமன் ஜோன்ஸ் இங்கிலாந்துக்காக ஆடியது 18 டெஸ்ட். எடுத்தது 59 விக்கெட். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான 2005 ஆஷஸ் தொடரில் மட்டும் 18 விக்கெட், சராசரி 21. அந்தத் தொடரில் ட்ரென்ட் பிரிட்ஜில் நடந்த நான்காவது டெஸ்ட்தான் அவருடைய கடைசி டெஸ்ட். அப்போது வயது 26. அவருடைய அப்பா ஜெஃப் ஜோன்ஸும் கிளாமோர்கனுக்கும் இங்கிலாந்துக்கும் ஆடிய இடதுகை வேகப்பந்து வீச்சாளர். 15 டெஸ்டோடு முழங்கைக் காயம் அவரையும் உட்கார வைத்தது. "பரம்பரையாகவே கண்ணாடி உடம்பு" என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அப்படிச் சொன்னால் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. காயங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

2002 நவம்பரில் பிரிஸ்பேனில் ஜோன்ஸின் முழங்கால் தசைநார் அறுந்தது பந்து வீசும்போது அல்ல, எல்லைக்கோட்டருகே சறுக்கி ஃபீல்டிங் செய்யும்போது. அது விபத்து. 2005இல் ட்ரென்ட் பிரிட்ஜில் அவரை நிறுத்திய கணுக்கால், பல மாதங்கள் ஒரே இடத்தில் இறங்கிய அடியின் விளைவு. இங்கிலாந்தின் இன்னொரு வேகப்பந்து வீச்சாளர் ஜோஃப்ரா ஆர்ச்சருக்கு முழங்கையிலும் கீழ் முதுகிலும் வந்தது மூன்றாவது வகை: தாங்கும் அளவைவிட வேகமாகச் சுமை ஏறியதால் எலும்பில் விழும் நுண்விரிசல். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு, கணக்கு வேறு. விபத்தை ஓரளவுதான் தடுக்க முடியும். மற்ற இரண்டையும் முன்கூட்டியே பார்க்க ஒரு வழி இருக்கிறது: வீசிய பந்துகளை எண்ணுவது.

இந்தக் குறிப்பு இங்கிலாந்தில் கிளப், பள்ளி, கவுண்டி வயதுக்குழு மட்டங்களில் வேகம் வீசுகிறவர்களுக்கும், அவர்களை வளர்க்கும் பெற்றோர், பயிற்சியாளர்களுக்கும்.

ஒரே நோட்டு, ஒரே பொறுப்பாளர்

பதினைந்து வயதில் நன்றாக வீசுகிற ஒருவருக்கு ஜூன் மாதத்து வாரம் எப்படிப் போகும்? செவ்வாய் கிளப் நெட்ஸ், புதன் பள்ளி மேட்ச், வியாழன் கவுண்டி வயதுக்குழுப் பயிற்சி, சனி பெரியவர்களின் லீக், ஞாயிறு ஜூனியர் மேட்ச். ஐந்து இடம், நான்கு பயிற்சியாளர்கள். ஒவ்வொருவரும் தன் கண்ணில் பட்ட ஓவர்களை மட்டும் பார்த்து "கொஞ்சம்தானே வீசினான்" என்று நினைப்பார். நால்வரும் சொல்வது உண்மைதான். கூட்டிப் பார்க்கிறவர்தான் யாரும் இல்லை. இளவயது முதுகுக் காயங்களில் பல இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

எனவே முதல் வேலை, நோட்டு. வீசுகிறவர் கையிலோ வீட்டிலோ இருக்க வேண்டும். கிளப்பில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி போதும்: தேதி, எங்கே, எத்தனை பந்து, எவ்வளவு வேகம், மறுநாள் காலை முதுகு எப்படி இருந்தது. ஓவர் என்று எழுதாமல் பந்து என்று எழுதவும். ஒரே மூச்சில் வீசும் ஆறு ஓவர் ஸ்பெல்லில் நான்கு வைடும் இரண்டு நோ-பாலும் போனால் அது 42 பந்து, 36 அல்ல. ஆட்டத்துக்கு முன் வீசிப் பார்க்கும் பந்துகளும் சேரும்; முழு வேகத்தில் பன்னிரண்டு வீசிப் பார்ப்பவர், வருடக் கடைசியில் யாருக்கும் தெரியாமல் பல மேட்ச்களுக்கான பந்துகளைக் கூடுதலாக வீசியிருப்பார். வேகத்தைப் பத்துக்கு எவ்வளவு என்று அவரே போட்டுக்கொள்ளலாம். 6-க்குக் கீழே வீசியதைத் தனிப் பத்தியில் எழுதினால் போதும். எலும்பைச் சோதிப்பது 8-க்கு மேல் வீசுகிற பந்துகள்தான்.

இங்கிலாந்து-வேல்ஸ் கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு நெடுங்காலமாக வைத்திருக்கும் வரம்புகள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். 13 வயது வரை ஒரு ஸ்பெல்லில் 5 ஓவர், ஒரு நாளில் 10. 14, 15 வயதுக்குழுக்களுக்கு 6, 12. 16 முதல் 19 வரை 7, 18. நெட்ஸுக்கும் அளவு உண்டு: 13 வரை ஒரு அமர்வில் 30 பந்து, வாரத்துக்கு இரண்டு அமர்வு, 15 வரை 36 பந்து, இரண்டு, 17 வரை 36, மூன்று, 19 வரை 42, மூன்று. எந்த ஏழு நாளிலும் நான்கு நாளுக்கு மேல் வீச வேண்டாம், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம் என்பது கூடவே வரும் அறிவுரை. திருத்தங்கள் வருவதுண்டு, சீசன் தொடங்குமுன் அந்த ஆண்டின் பதிப்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இதில் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது மூன்று. ஒன்று, "வேகப்பந்து வீச்சாளர்" யார் என்பது. அதே வயதுக்குழு விக்கெட் கீப்பர் யாருக்கெல்லாம் தள்ளி நிற்பாரோ அவரெல்லாம் இந்தக் கணக்கில் வேகம்தான். "இவன் மீடியம் பேஸ்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இரண்டு, பெரியவர்களின் சனிக்கிழமை லீக்கிலும் வரம்பு அந்தப் பையனின் வயதுக்கு உரியதுதான். மூன்று, ஸ்பெல் முடிந்ததும் அதே முனையிலிருந்து அவர் வீசிய அளவு ஓவர்கள் போன பிறகுதான் மீண்டும் பந்தைக் கையில் எடுக்கலாம். மறுமுனைக்கு மாற்றிவிட்டால் புது ஸ்பெல் என்று கேப்டன் நினைத்துக்கொண்டால் அது தவறு.

வரம்புக்குள் இருந்துவிட்டால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். அது உச்சவரம்பு. இரண்டு வாரம் தேர்வுக்குப் படித்துவிட்டு நேராக வந்து ஒரே நாளில் 18 ஓவர் வீசினாலும் விதிப்படி சரிதான். முதுகுக்குச் சரியில்லை.

ஏறும் வேகம்தான் பிரச்சினை

கடந்த நான்கு வாரப் பந்துகளைக் கூட்டி நான்கால் வகுத்தால் உடம்பு இப்போது பழகியிருக்கும் அளவு தெரியும். உதாரணமாக 120, 132, 150, 138. கூட்டினால் 540, சராசரி 135. அடுத்த வாரம் 160 வரை போனால் கவலையில்லை. 175-ஐ நெருங்கினால் நெட்ஸைக் குறைக்கவும். 200-ஐத் தாண்டினால் சராசரியின் ஒன்றரை மடங்கை நெருங்கியாயிற்று. அங்கிருந்து மேலே ஆபத்து மண்டலம். டி20 மட்டும் ஆடி வாரம் 48 பந்து வீசிக்கொண்டிருந்தவர் திடீரென்று நான்கு நாள் மேட்சில் 36 ஓவர் வீசினால் 216 பந்து. நான்கரை மடங்கு. இன்றைய வேகப்பந்து வீச்சாளர்களில் பலர் இந்தத் தாவலில்தான் உடைகிறார்கள்.

ஒன்றரை என்பது வேதவாக்கு அல்ல. இந்த விகிதத்தையே குறை சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். பன்னிரண்டு பந்து வீசிக்கொண்டிருந்தவர் இருபத்து நான்கு வீசினாலும் விகிதம் இரண்டுதான், அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கையில் ஒன்றுமே இல்லாமல் கேப்டனின் ஆசையை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொரு பொறி இருக்கிறது. அதிகம் வீசிய வாரத்திலேயே காயம் பெரும்பாலும் வருவதில்லை. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர்களை வைத்து நடந்த ஆய்வுகளில், ஒரு பெரிய சுமைக்குப் பிந்தைய மூன்று நான்கு வாரங்களில்தான் காயங்கள் கூடுவது தெரிந்தது. எலும்பு தன்னைப் பழுதுபார்க்கும் முறையே காரணம் என்று நினைக்கச் சான்று உண்டு. களைத்த எலும்பை உடம்பு முதலில் அரித்து எடுக்கிறது, அதற்குச் சில வாரம். பிறகு புதிதாக நிரப்புகிறது, அதற்குச் சில மாதம். நடுவில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். "அந்த மேட்சில் 40 ஓவர் வீசினேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்கிறவர் சரியாக அந்த நேரத்தில்தான் நின்றுகொண்டிருப்பார். ஆகவே பெரிய மேட்ச் முடிந்த மறுநாள் ஓய்வு கொடுத்தால் மட்டும் போதாது. மூன்றாவது, நான்காவது வாரங்களையும் நோட்டில் சிவப்பு மையில் வட்டமிட்டு வைக்கவும்.

ஆர்ச்சரின் முதல் ஆண்டை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 2019 கோடையில் உலகக் கோப்பை, அதன்பின் ஆகஸ்டில் லார்ட்ஸில் அறிமுக டெஸ்டிலேயே இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 44 ஓவர், நவம்பரில் நியூசிலாந்தின் மவுன்ட் மாங்கனூயில் ஒரே இன்னிங்ஸில் 42 ஓவர். 2020 தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவில் வலது முழங்கை எலும்பில் விரிசல். இதனால்தான் அது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பதினெட்டு வயதுப் பையனின் நோட்டில் இப்படி ஒரு வரிசை தெரிந்தால் பேசாமல் இருக்கக் கூடாது.

ஓய்வு கூடினாலும் ஆபத்துதான் என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள். செப்டம்பர் கடைசியில் சீசன் முடிகிறது. ஜனவரி வரை பந்தைத் தொடுவதில்லை. ஜனவரியில் உள்ளரங்கு நெட்ஸ் தொடங்கும். அடியில் கான்கிரீட், மேலே மெல்லிய விரிப்பு. மூன்று மாதம் சும்மா இருந்த முதுகு, முதல் வாரமே இரண்டு அமர்வில் எழுபது எண்பது பந்துகளை அந்தத் தரையில் தாங்குகிறது. மார்ச்சில் முதுகு வலி என்று வருகிறவர்களின் நோட்டைப் பார்த்தால் கதை பெரும்பாலும் இதுதான். இதைத் தவிர்க்க, அக்டோபரில் நான்கு வாரம் முழு ஓய்வு. நவம்பரிலிருந்து வாரம் இரண்டு நாள், நாளுக்கு 18 முதல் 24 பந்து, முக்கால் வேகம். ஜனவரியில் எல்லாரும் பூஜ்யத்திலிருந்து ஏறும்போது இவர் பாதி வழியில் இருப்பார். உள்ளரங்கில் கிரிக்கெட் ஸ்பைக்ஸ் பயன்படாது. அதற்காக ஓட்டக் காலணியைப் போட்டுக்கொள்ளக் கூடாது. அதன் குதிகால் உயரமாகவும் மெத்தென்றும் இருக்கும், முன்கால் ஊன்றும்போது பக்கவாட்டில் சாயும். பந்துவீச்சுக்கென்றே ரப்பர் அடி வைத்து வரும் காலணி வேண்டும்.

முதுகு: எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்

முன்கால் ஊன்றும் நொடியில் உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான விசை தரையிலிருந்து திரும்பி ஏறுகிறது. அதே நேரத்தில் உடம்பு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திருகவும் செய்கிறது. மூன்றும் சந்திக்கும் இடம், இடுப்பு முதுகெலும்புகளில் கீழே இருக்கும் நான்காவது, ஐந்தாவது எலும்புகளின் பின்பக்கத்து மெல்லிய பாலம். வலதுகை வீச்சாளருக்கு இடப்பக்கத்திலும், இடதுகை வீச்சாளருக்கு வலப்பக்கத்திலும் விரிசல் முதலில் விழும். பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் அந்தப் பாலம் முழுமையாக இறுகியிருக்காது. 2022 கோடையில் ஆர்ச்சர், சாகிப் மஹ்மூத், மேத்யூ ஃபிஷர் ஆகியோர் ஒரே சமயத்தில் முதுகு எலும்பு விரிசலோடு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். உலகத்தரமான மருத்துவக் குழு பக்கத்திலேயே இருந்தும் வந்தது. கிளப்பில் வராது என்று நினைக்க இடமில்லை.

அடையாளம் இதுதான்: கீழ் முதுகில் ஒரு பக்கம் மட்டும், பந்துவீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் வலி. வீசும்போதும் பின்னால் வளையும்போதும் கூடும், ஓய்வில் குறையும். முதலில் மேட்ச் முடிந்த இரவு மட்டும் வரும். பிறகு மறுநாளும் இருக்கும். பிறகு ஐந்தாவது ஓவரிலேயே வரும். வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒற்றைக் காலில் நின்று மெதுவாகப் பின்னால் வளையச் சொல்லுங்கள். முதலில் ஒரு கால், பிறகு மறு கால். ஒரு பக்கம் மட்டும் சுரீரென்றால் அன்றோடு பந்துவீச்சை நிறுத்தவும். வலிக்கவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. இந்தச் சோதனை கோட்டை விடுவதும் உண்டு.

பதின்ம வயது வேகப்பந்து வீச்சாளருக்கு இப்படி ஒரு வலி இரண்டு வாரம் நீடித்தால், இல்லையென்று நிரூபிக்கப்படும் வரை அதை எலும்புக் காயம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். "தசைப்பிடிப்பு, தைலம் தேய், சரியாகிவிடும்" என்பதுதான் இந்த விஷயத்தில் மிகவும் விலை கொடுக்க வைக்கும் வாக்கியம். எக்ஸ்ரே ஆரம்ப விரிசலைப் பெரும்பாலும் காட்டாது. "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்று நிம்மதியாகத் திரும்பி வருவதில் அர்த்தமில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தால், விரிசலாக மாறுவதற்கு முந்தைய எலும்பு வீக்கத்தையே பார்க்க முடியும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை போகும். கோடு விழுந்த பிறகு பிடித்தால் ஆறு முதல் ஒன்பது மாதம். மருத்துவரிடம் போகும்போது "முதுகு வலி" என்று மட்டும் சொல்லாமல், "வேகப்பந்து வீசுகிறார், எதிர்ப்பக்க வலி, வளைந்தால் கூடுகிறது, இத்தனை வாரம்" என்று நோட்டோடு சொல்லவும். மேட்சுக்கு முன் ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு இறங்குவது, தீ எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குவது போல.

சாப்பாட்டைப் பற்றி இரண்டே விஷயம். இங்கிலாந்தின் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் வெயிலிலிருந்து போதிய வைட்டமின் டி கிடைக்காது. நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அரசின் பொது அறிவுரை, தெற்காசியத் தோல் நிறமுள்ளவர்கள் ஆண்டு முழுவதும் எடுப்பதை யோசிக்கலாம் என்றும் சொல்கிறது. இன்னொன்று, வளரும் வயதில் பயிற்சிக்கு ஏற்ற அளவு சாப்பிடாதவருக்கு எலும்பு ஒட்டுவது தாமதப்படும். வீசுகிற பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுபோனால் அது எலும்புக்கான எச்சரிக்கையும்தான்.

திரும்பி வரும் பாதை

எலும்பு விரிசல் உறுதியானால் முதல் கட்டத்தில் பந்துவீச்சும் இல்லை, ஓட்டமும் இல்லை. அன்றாட வேலைகளில் வலி முற்றிலும் போகும் வரை காத்திருக்க வேண்டும். வழக்கமாக ஆறு முதல் எட்டு வாரம். பிறகு இடுப்பு, பிட்டம், தொடை, கெண்டைக்கால் தசைகளுக்கு எடைப் பயிற்சி. அதன்பின் நேர்கோட்டில் ஓட்டம், பிறகு வேக ஓட்டம், பிறகு ஒற்றைக் காலில் குதித்து இறங்குவது. வலி போய்விட்டதே என்று இந்தக் கட்டத்தில் ஓரிரு பந்து போட்டுப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். வலி போவதும் எலும்பு ஒட்டுவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. நடுவில் பல வாரம் இருக்கிறது. பந்தைக் கையில் எடுக்கும் நாளை மருத்துவரும் ஃபிசியோவும்தான் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் அது நான்காவது மாதத்தை ஒட்டி வரும்.

அனுமதி கிடைத்த பிறகு பந்து எண்ணிக்கையையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் ஏற்றக் கூடாது. ஒரு மாதிரி அட்டவணை இப்படிப் போகும். முதல் வாரம் மூன்று நாள், நாளுக்கு 12 பந்து, நின்ற இடத்திலிருந்து, பாதி வேகம். இரண்டாவது வாரம் அதே வேகத்தில் 18, ஐந்து அடி நடந்து வந்து. மூன்றாவது வாரம் அதே 18 பந்து, வேகம் எழுபது சதவீதம், பாதி ரன்-அப். நான்காவது வாரம் அதே வேகத்தில் 24. ஐந்தாவது வாரம் இறக்கம்: இரண்டே நாள், 24. ஆறாவதில் முழு ரன்-அப், 30 பந்து, வேகம் அதே எழுபது. ஏழில் 30 பந்தும் எண்பது சதவீதத்தில். எட்டில் 36. ஒன்பதாவது மீண்டும் இறக்க வாரம், இரண்டு நாள். பத்தாவதில் 36 பந்து தொண்ணூறு சதவீதத்தில், பதினொன்றில் 42, பன்னிரண்டில் அதே 42 முழு வேகத்தில், எதிரே மட்டையோடு ஆள் நிற்க. பதின்மூன்றாவது வாரம் மேட்ச்: நான்கு ஓவர் ஸ்பெல் இரண்டு, அவ்வளவுதான். இதைக் கேப்டனிடம் டாஸுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். விக்கெட் விழுந்துகொண்டிருக்கும்போது சொன்னால் யார் காதிலும் ஏறாது.

அட்டவணையைக் கெடுப்பது இரண்டு இடம். ஒன்று ஆறாவது வாரம். முழு ரன்-அப் கிடைத்ததும் கால் தானாக வேகமெடுக்கும். எழுபது சதவீதம் என்று நினைத்துத் தொண்ணூறில் வீசுவார்கள். வேகமானி இருந்தால் வைக்கவும். இல்லையென்றால் கீப்பர் எவ்வளவு தூரத்தில் எடுக்கிறார் என்று பார்க்கவும். இரண்டாவது, எதிரே மட்டையாளர் வரும் பன்னிரண்டாவது வாரம். ஒரு பவுண்டரி போனால் அடுத்த பந்து பவுன்சராக வரும். பவுன்சருக்கு முதுகு கூடுதலாக வளைய வேண்டும். அந்த வாரம் ஒரு அமர்வில் நான்குக்கு மேல் வேண்டாம்.

மறுநாள் காலை வலி பத்துக்கு இரண்டைத் தாண்டினால் அந்த வாரத்தை மறுபடி செய்யவும். நான்கைத் தாண்டினால், அல்லது பழைய இடத்திலேயே இருந்தால், நிறுத்திவிட்டு ஃபிசியோவைப் பார்க்கவும். ஒரு மாதம் பின்னால் போவதை அவமானமாக நினைக்கிறவர்கள்தான் அடுத்த சீசன் முழுவதையும் இழக்கிறார்கள்.

ஆர்ச்சர் டெஸ்டுக்குத் திரும்பிய விதத்தைக் கவனிக்கலாம். 2021 பிப்ரவரியில் ஆமதாபாத்தில் ஆடியதற்குப் பிறகு நான்கு ஆண்டுகளுக்கு மேல் டெஸ்ட் இல்லை. முதலில் குறைந்த ஓவர் ஆட்டங்கள். பிறகு 2025 ஜூனில் டர்ஹாமுக்கு எதிராக சஸெக்ஸுக்கு ஒரு நான்கு நாள் மேட்ச், அதில் 18 ஓவர். ஜூலையில் லார்ட்ஸில் இந்தியாவுக்கு எதிராக டெஸ்ட். ஒரேயடியாகத் தாவாமல், படிப்படியாக.

ஆக்‌ஷனில் கை வைக்கலாமா

செல்பேசியில் நொடிக்கு 240 ஃபிரேம் படமெடுக்க முடியும். பந்துவீச்சு முனை ஸ்டம்புக்கு நேர் பின்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் கிரீஸுக்கு நேராக ஒன்று எடுக்கவும். பின்கால் இறங்கும் ஃபிரேமிலும் முன்கால் இறங்கும் ஃபிரேமிலும் நிறுத்தி, தோள்கள் இருக்கும் கோட்டையும் இடுப்பு இருக்கும் கோட்டையும் ஒப்பிடவும். இடுப்பு மட்டையாளரைப் பார்க்க, தோள் மட்டும் பக்கவாட்டுக்குத் திரும்பிப் போய் மறுபடி வருவதுதான் கலப்பு ஆக்‌ஷன். அந்தத் திரும்பல் 30 பாகைக்கு மேல் போனால் முதுகுக் காயத்தோடு தொடர்புள்ளது என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. முழுப் பக்கவாட்டும் சரி, முழு நேர்முகமும் சரி. இரண்டும் பாதிப்பாதி கலந்தால்தான் தொல்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில் பின்கால் இறங்கும் கோணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் மேலே எல்லாம் தானாகச் சரியாகும்.

பெரியவரான பிறகு மாற்றுவதைப் பற்றி யோசிக்க ஒரு முறைக்கு இரண்டு முறை தேவை. ஜேம்ஸ் ஆண்டர்சனின் ஆக்‌ஷனை இளமையில் மாற்றிப் பார்த்தார்கள். 2006இல் முதுகு எலும்பில் விரிசல் வந்தது. அதன்பின் தன் இயல்பான ஆக்‌ஷனுக்கே திரும்பினார். 2024 ஜூலையில் லார்ட்ஸில் விடைபெறும்போது 188 டெஸ்ட், 704 விக்கெட். புத்தகப்படி அழகான ஆக்‌ஷன் என்று யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

ரன்-அப்பைத் தொடுவது அதைவிட எளிது, பலனும் உடனே தெரியும். இங்கிலாந்தின் மார்க் வுட் குறுகிய ஓட்டத்தில் வந்து கிரீஸில் உடம்பை எறிந்து வேகம் எடுத்தவர். கணுக்காலில் பல அறுவை சிகிச்சை. ஓட்டத்தை நீளமாக்கிய பிறகு 2019 பிப்ரவரியில் செயின்ட் லூசியாவில் 41 ரன்னுக்கு 5 விக்கெட். வேகத்தை ஓட்டத்திலிருந்து எடுத்தால் கடைசித் தாவலில் அவ்வளவு பிடுங்க வேண்டியதில்லை. நீளமாக்கும்போது ஒரு தடவைக்கு இரண்டு அடிதான். அதற்கு மேல் போனால் நோ-பால் கொட்டும், நோ-பாலைத் தவிர்க்க அடியைச் சுருக்குவார், சுருக்கினால் முன்கால் வேறு கோணத்தில் இறங்கும்.

மற்ற இடங்கள்

கணுக்காலில் முன்காலின் பின்புறம், குதிகாலுக்கு மேலே, ஊன்றும்போது கிள்ளுவது போல வலித்தால் எலும்புகள் இடிக்கின்றன. பாப்பிங் கிரீஸருகே பிட்சில் ஏற்பட்ட பள்ளத்தில் இறங்கும்போது கூடும். மரத்தூளால் நிரப்பச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். ஐஸ் வைத்து ஒப்பேற்றிக்கொண்டே போனால் எலும்பு முள் வளரும். 2005இல் ட்ரென்ட் பிரிட்ஜில் ஜோன்ஸ் முதல் இன்னிங்ஸில் 44 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். ஆஸ்திரேலியா ஃபாலோ-ஆன் ஆனது, அதாவது உடனே மறுபடி மட்டை பிடிக்க வேண்டியதாயிற்று, இரண்டாவது இன்னிங்ஸில் அவரால் 4 ஓவருக்கு மேல் வீச முடியவில்லை. ஃபாலோ-ஆன் கொடுக்கும் கேப்டன் தன் வேகப்பந்து வீச்சாளர்களின் ஒரு நாள் ஓய்வையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்.

விலாப்பக்கத் தசைக் கிழிசல் எதிர்க்கைப் பக்கத்தில் வரும். ஒரே பந்தில், கத்தியால் குத்தியது போல. இருமினால், தும்மினால், படுக்கையில் புரண்டால் வலிக்கும். அந்த ஓவரை முடித்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லக் கூடாது. நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்; மூன்றாவது வாரத்தில் சரியாகிவிட்டது போலத் தோன்றும், அப்போது வீசினால் மறுபடி கிழியும். 2019 உலகக் கோப்பை இறுதியில் இது வந்த வுட், அதையடுத்த ஆஷஸ் முழுவதையும் இழந்தார். கெண்டைக்காலும் இதே குணம்தான்: அந்த ஆஷஸின் முதல் டெஸ்டில், எட்ஜ்பாஸ்டனில், ஆண்டர்சன் 4 ஓவர் வீசிவிட்டு வெளியேறினார்.

முழங்கை வலி உள்பக்கமா பின்பக்கமா என்று குறித்து வைக்கவும். கை முழுதாக நீளும் கணத்தில் பின்பக்கம் குத்தினால் எலும்புச் சுமையாக இருக்கலாம். எல்லைக்கோட்டிலிருந்து தட்டையாக எறிவதையும் நோட்டில் சேர்க்க வேண்டும். பந்துவீச்சை நிறுத்திவிட்டு எறிதலைத் தொடர விடுவது வழக்கமான கவனக்குறைவு.

கடைசியாக, பிரிஸ்பேன் முழங்கால். சறுக்கி ஃபீல்டிங் செய்வதைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். கீழே போகும் கால் மடங்கி, வெளித்தொடையும் பிட்டமும் முதலில் தரையைத் தொட வேண்டும். முழங்காலோ பாதமோ முதலில் குத்தினால் மேலே இருக்கும் உடம்பு மொத்தமும் அதன்மேல் திருகும். சறுக்குவதா, ஓடியே எடுப்பதா என்பதைப் பந்துக்கு ஐந்து அடி முன்பே முடிவு செய்துவிடவும். தயங்கிச் சறுக்குகிறவர்தான் ஸ்பைக்ஸை மண்ணில் நட்டுவிடுகிறார். ஆட்டத்துக்கு முன் எல்லைக்கோட்டை ஒரு சுற்று நடந்து, குதிகாலால் அழுத்திப் பார்க்கவும். மணல் கலந்து மெத்தென்று இருக்கும் தரையில், ஏப்ரல் மாதத்து ஈரத் தரையில், உங்கள் வேகப்பந்து வீச்சாளர் சறுக்கக் கூடாது என்று முதல் பந்துக்கு முன்பே சொல்லிவிடலாம். காப்பாற்றும் ரன் ஒன்று அல்லது இரண்டு. முழங்கால் தசைநார் அறுந்தால் குறைந்தது ஒன்பது மாதம். ஜோன்ஸ் மறுபடி டெஸ்ட் ஆடியது 2004 மார்ச்சில், மேற்கிந்தியத் தீவுகளில். பதினாறு மாதம் கழித்து.